மங்கு வெந்த சூளை

பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ‘மங்கு’ என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் கோடு வெட்டியதும் வடியும் பாலை ஏந்துகிற கிண்ணம் அது. ‘மங்கோக்’ என்ற மலாய்ச் சொல் தோட்டத்துத் தமிழர் வாயில் மங்கு ஆனது. என் அப்பாவும் தினமும் விடியுமுன்னே மரத்தடிக்குப் போய், மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்த தலைமுறைதான்.

அந்த மங்குகளைச் செய்த சூளைகளில் ஒன்று சிங்கப்பூரில் இன்னும் நிற்கிறது. ஜாலான் பஹார் பக்கம், லோரோங் தாவாஸில் உள்ள தாவ் குவாங் மண்பாண்டச் சாலையின் டிராகன் சூளை அது. 1940இல் கட்டியது. 1965இல் ஒரு சீனக் குடும்பம் வாங்கி நடத்த ஆரம்பித்தது.

சரிவான நிலத்தில் நீளமாகச் செங்கல்லால் கட்டிய குகை போல இருக்கும். கீழே வாயில் நெருப்பு, மேலே வாலில் புகைபோக்கி. அனல் தானாகவே மேலேறும். முன்பக்கம் போதிய சூடு ஏறியதும், பக்கவாட்டுத் துளைகள் வழியே விறகு போட்டுக்கொண்டே மேலே போவார்கள். வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பறக்கும் விறகுச் சாம்பல் பாண்டத்தில் படிந்து, உருகி, பளபளப்பாகிவிடும்.

ஜூரோங்கில் நல்ல களிமண் கிடைத்ததால் அந்தப் பக்கம் இப்படிப் பல சூளைகள் இருந்தன. மங்கு, பூந்தொட்டி, தண்ணீர்ச் சாடி எல்லாம் அங்கே வெந்தன. வனைந்தவர்கள் சீனர்கள். தோட்டத்தில் அந்த மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றிய கைகளில் பல நம்முடையவை.

1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்காகக் குன்றுகளைச் சமமாக்கினார்கள். ரப்பர் தோட்டங்கள் மறைந்தன. மங்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. மலிவான இறக்குமதிப் பாண்டங்களும் வந்துவிட்டன. சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இப்போது மிஞ்சியவை இரண்டே: இதுவும், பக்கத்தில் 1958இல் கட்டிய இன்னொன்றும்.

இவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள்கள் அல்ல. அவ்வப்போது தீ மூட்டுகிறார்கள். தீ ஏறாவிட்டால் சூளை வெறும் செங்கல் மேடுதான். விறகு எப்போது போட வேண்டும் என்று அறிந்த கைகளும் இல்லாமல் போகும்.

பேரப்பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். மங்கு என்றால் என்ன என்று கேட்பார்கள். சொல்ல நாம் இருக்கும்போதே கேட்கட்டும்.