பதவி இறங்கியவனின் துரத்தல்: ‘சியர்ஸ்’ தொடரில் அதிகாரமும் காதலும்

பாஸ்டன் நகரத்து பார் ஒன்றைக் களமாகக் கொண்ட ‘சியர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடர், அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1982 செப்டம்பர் 30 தொடங்கி 1993 மே 20 வரை பதினொரு சீசன்கள் ஓடியது. கிளென் சார்லஸ், லெஸ் சார்லஸ், ஜேம்ஸ் பரோஸ் ஆகிய மூவரும் உருவாக்கிய இத்தொடரை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். டயான் இருந்த முதல் ஐந்து சீசன்கள் காதல் கதை என்றும், ரெபெக்கா வந்த பிந்தைய ஆறும் வேலையிடக் கதை என்றும் சொல்வார்கள். பேச வசதியான பிரிவினைதான். ஆனால் தொடரைக் கூர்ந்து பார்த்தால் நிற்காது. இரண்டு பாதியிலும் காதலும் சம்பளப் பட்டியலும் பின்னித்தான் கிடக்கின்றன. 1987இல் மாறியது யார் யாருக்கு முதலாளி என்பது. அந்தத் தலைகீழ் மாற்றம் பெண்ணின் கையில் அதிகாரத்தைக் கொடுத்ததாகத் தோன்றினாலும், ஆணின் துரத்தலைத் தீங்கற்றதாகக் காட்டவே பெரிதும் பயன்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மேலதிகாரிக்கும் கீழே வேலை பார்ப்பவருக்கும் இடையிலான காதல் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. பாருக்குள் நுழையும் டயான் சேம்பர்ஸ் (ஷெல்லி லாங்), பேராசிரியர் சம்னர் ஸ்லோனை மணக்கப் போகிறவள். அவருக்குக் கற்பித்தல் உதவியாளராக இருந்தவளும்கூட. மோதிரம் வாங்கிவரப் போன பேராசிரியர் முன்னாள் மனைவியிடமே போய்ச் சேர்கிறார். நட்டாற்றில் விடப்பட்டவளுக்குக் கடை முதலாளி சாம் மலோன் (டெட் டான்சன்) பரிமாறும் வேலை கொடுக்கிறான். ரெட் சாக்ஸ் அணியின் முன்னாள் பேஸ்பால் பந்துவீச்சாளன், குடியிலிருந்து மீண்டவன், பெண்பித்தன் என்று பெயர் வாங்கியவன். முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தில் இருவரும் முத்தமிடுவது சாமின் அலுவலக அறையில். அவள் அவனிடம் சம்பளம் வாங்குகிறவள் என்ற உண்மை அந்தக் காட்சியில் ஒரு பொருட்டாகவே இல்லை. முதலாளித்தனத்துக்கு ஈடாக அவளது படிப்பையும் நாவன்மையையும் எழுத்தாளர்கள் நிறுத்திவிட்டார்கள். சண்டை வர்க்கச் சண்டையாகவும் ரசனைச் சண்டையாகவும் நடந்தது.

ஒரே ஓர் இடத்தில் அந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. 1987 ஜனவரியில் வந்த அத்தியாயத்தில், கல்யாணத்துக்கு மறுத்த டயானைச் சாம் தெருவில் துரத்துகிறான், அவளுக்கு அடிபடுகிறது, வழக்கு நீதிமன்றம் போகிறது. ‘துரத்தல்’ இங்கே உருவகமாக இல்லை, குற்றச்சாட்டாகவே வருகிறது. ஆனால் சிக்கல் தீர்வது எப்படி? சாம் நீதிபதி முன்னிலையிலேயே மறுபடி கல்யாணம் கேட்கிறான், அவள் சம்மதிக்கிறாள். குற்றவாளிக் கூண்டு மணமேடையானதும் அரங்கம் சிரிக்கிறது.

அந்த அத்தியாயம் ஒளிபரப்பாவதற்கு ஏழு மாதம் முன்புதான், 1986 ஜூனில், மெரிட்டார் சேவிங்ஸ் வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பணியிடப் பாலியல் தொல்லையும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின்படி பாகுபாடே என்று அது உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டவர் இணங்கினாரா என்பதைவிட, அந்த அணுகல் அவர் விரும்பாததா என்பதே கேள்வி என்றும் வரையறுத்தது. வழக்கின் மையத்தில் இருந்தது, மேலதிகாரி ஒருவர் தனக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணிடம் நடந்துகொண்ட விதம். எழுத்தாளர்கள் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. முதலாளி ஒருவன் பணிப்பெண்ணைத் துரத்துவது முன்போலச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடியதாக இல்லை என்பது போதும்.

ஷெல்லி லாங் விலகிய பின், 1987 செப்டம்பர் 24 அன்று ஆறாவது சீசன் தொடங்குகிறது. கடையை லில்லியன் கார்ப்பரேஷனுக்கு விற்று, படகு வாங்கி உலகம் சுற்றக் கிளம்பிய சாம், படகு மூழ்கிப்போய்த் திரும்பி வருகிறான். கடையின் தோரணையே மாறியிருக்கிறது. மேலாளர் நாற்காலியில் ரெபெக்கா ஹோவ் (கிர்ஸ்டி ஆலி). நேற்றுவரை தன்னுடையதாக இருந்த கடையில் அவன் பார்டெண்டர் வேலை கேட்டு நிற்கிறான். வேலை கிடைத்த கையோடு துரத்தலும் தொடங்கிவிடுகிறது.

முன்பு செய்ததைத்தான் சாம் இப்போதும் செய்கிறான். ஆனால் பார்வையாளருக்கு அவன் இப்போது நொந்துபோன கூலிக்காரன். அவளோ நினைத்தால் வேலையை விட்டே தூக்கக் கூடியவள். அவள் மறுக்கும் ஒவ்வொரு முறையும் தோல்வி அவனுடையது, சிரிப்பு அவன்மீது. மறுப்பைப் பொருட்படுத்தாமல் சீசன் சீசனாகத் தொடரும் அணுகல், அணுகுகிறவன் பதவியில் கீழே இருக்கிறான் என்ற ஒரே காரணத்தால் விளையாட்டாகிறது.

பதவி வேறு, பிடி வேறு என்பதைக் கடையின் கவுண்டர் காட்டிக்கொடுக்கிறது. வாடிக்கையாளர்களான நார்மும் கிளிஃபும் வழக்கமான இருக்கைகளில் சாமின் ஆட்களாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். பணிப்பெண் கார்லாவின் விசுவாசம் அவனிடமே. ரெபெக்காவிடம் இருப்பது அலுவலக அறையும் நியமன உத்தரவும். அவள் போடும் உத்தரவு செல்லுபடியாக, பெரும்பாலும் சாமின் இசைவு வேண்டியிருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. ரெபெக்கா ஒன்றும் அப்பாவியல்ல; சாமின் ஆசையைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் தெரிந்தவள். கறாரான நிர்வாகியாகத் தொடங்கிய பாத்திரம், போகப்போக அழுது புலம்பும் கோமாளியானதற்குத் தொழில் காரணமும் இருந்தது: கிர்ஸ்டி ஆலி நிலைகுலையும்போதுதான் சிரிப்பு அதிகம் வந்தது. 1991இல் அவருக்கு எம்மி விருதும் கிடைத்தது. இவை உண்மை. ஆயினும் நகைச்சுவைக்காக எடுத்த முடிவுக்கும் அதிகார விளைவு உண்டு. அவள் நிர்வாகம் செய்யத் தெரியாதவளாக ஆக ஆக, கடை மறுபடி சாமிடம் போவது நியாயமான முடிவுபோலப் பார்வையாளருக்குப் படுகிறது.

ரெபெக்காவின் ஆசை எப்போதும் படியேறுகிறது. முதலில் அவள் உருகுவது மேலதிகாரி ஈவான் டிரேக்குக்காக; அவரோ ஒன்றும் அறியாமல் ஜப்பான் போய்விடுகிறார். பிறகு வருபவன் மார்ட்டின் டீல், வயதில் இளையவன், பதவியில் மேலே. அவன் அவளை மணக்க விரும்புகிறான், அவளுக்கு விருப்பமில்லை. முகத்துக்கு நேரே மறுக்க வேலை இடம்கொடுக்கவில்லை. சாமைக் காதலன் என்று சொல்லித் தப்பப் பார்க்கிறாள். டீல் பேசி மல்லுக்கட்டுவதில்லை. சாமை மெக்சிகோவின் கான்கூனுக்கு மாற்றிவிடுகிறான். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் போடும் அதிகாரியை அறிந்த வாசகருக்கு இந்த உத்தி புதிதல்ல. ஊர்தான் கடற்கரை ஊராக அமைந்துவிட்டது. நியமனம், மாற்றல், பணிநீக்கம் என்ற அலுவலகக் கருவிகள் காதல் போட்டியில் எப்படி ஆயுதமாகின்றன என்பதை இத்தொடர் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடங்கள் குறைவு. மேலிருந்து வரும் அணுகல் எவ்வளவு கனமானது என்பது எழுத்தாளர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அந்தக் கனத்தைச் சாமின்மேல் மட்டும் ஏற்றவில்லை.

எட்டாவது சீசனில் வரும் ஆங்கிலேயக் கோடீஸ்வரன் ராபின் கோல்கார்ட் (ரோஜர் ரீஸ்), காலத்தின் வார்ப்பு. பங்குச்சந்தை மோசடியில் ஐவன் போஸ்கி சிக்கியது 1986இல். ‘வால் ஸ்ட்ரீட்’ படம் வந்தது 1987இல். ராபின் ரெபெக்காவோடு பழகுவதன் பின்னே லில்லியன் கார்ப்பரேஷனைக் கைப்பற்றும் திட்டம் இருக்கிறது. நிறுவன ரகசியங்களை எட்ட அவள் ஒரு வழி. சாம் விஷயத்தை நிறுவனத்திடம் சொல்கிறான். நன்றிக்கடனாகக் கடை அவனுக்கு 85 சென்ட்டுக்குத் திரும்பக் கிடைக்கிறது. 1990 மே மாதத்து அந்தக் கதையின் முடிவிலேயே, மூன்று சீசன்களாக மறுத்துவந்த ரெபெக்கா சாமோடு நெருங்குகிறாள். ராபின் வந்து நிற்கிறான். கடையும் பெண்ணும் ஒரே மூச்சில் கைக்கு வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. துரத்தலுக்குப் பணியாளன் வேடம் தேவைப்பட்டது. வெற்றிக்கு முதலாளி இருக்கை.

அதன் பிறகு அந்தத் துரத்தலைத் தொடர முடியவில்லை. வேலையிழந்த ரெபெக்காவைச் சாமே மேலாளராக மீண்டும் அமர்த்துகிறான். பிற்பாடு அவள் பணம் போட்டுப் பங்குதாரராகிறாள். ஒன்பதாவது சீசனின் முடிவில் தனக்குக் குழந்தை வேண்டும் என்று சாம் அவளிடம் கேட்கிறான். காதல் இல்லாத ஒப்பந்தமாகத் தொடங்கும் அம்முயற்சி பத்தாவது சீசனின் தொடக்கத்திலேயே கைவிடப்படுகிறது. அந்தச் சீசன் ஓடிக்கொண்டிருந்த 1991 அக்டோபரில்தான், உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு நியமிக்கப்பட்டிருந்த தன் முன்னாள் மேலதிகாரி கிளாரன்ஸ் தாமஸ்மீது பாலியல் தொல்லைக் குற்றம் சாட்டி அனிதா ஹில் செனட் குழுமுன் அளித்த சாட்சியத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

1993இல் ரெபெக்கா மணப்பது குழாய் பழுதுபார்க்கும் டான் சான்ட்ரியை. முந்தைய ஆண்களைப்போல அவன் அவள் ஏற நினைத்த ஏணியில் இல்லை. அவளது உத்தரவுக்குக் கட்டுப்பட்டவனும் அல்லன். அதே இறுதி அத்தியாயத்தில் திரும்பி வரும் டயானும் பணிப்பெண் அல்லள், விருது வாங்கிய எழுத்தாளர். சாமோடு சேர்வதா பிரிவதா என்று அவள் முடிவெடுக்கும்போது இருவருக்கும் இடையே சம்பளக் கணக்கு எதுவும் இல்லை, அவர்கள் பிரிகிறார்கள்.