ஆவணம் என்றால் தாள் மட்டுமா?

"டாக்குமென்ட் எல்லாம் கொண்டுவந்தீங்களா?" என்று இ-சேவை மையத்தில் கேட்டால் ஆதாரும் பட்டாவும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் இச்சொல்லின் மூலமான லத்தீன் 'டாக்குமென்டம்' என்பதற்கு முதலில் பாடம், எடுத்துக்காட்டு என்றே பொருள். கற்பித்தலைக் குறிக்கும் வினையில் பிறந்த சொல். பிறகு சான்றாகி, எழுதிய தாளாகச் சுருங்கியது. 1951-இல் பாரிஸ் தேசிய நூலகத்தின் சூசான் பிரியே அதை மீண்டும் விரித்தார். காட்டில் ஓடும் மான் டாக்குமென்ட் அல்ல. பிடித்துவந்து, வகைப்படுத்தி, பட்டியலில் ஏற்றினால் அது டாக்குமென்ட் என்றார். ஆற்றுக் கல்லுக்கும் அருங்காட்சியகக் கல்லுக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. இப்படிச் சேகரித்து வகைப்படுத்தும் டாக்குமென்டேஷன் துறைதான் தகவல் அறிவியலாக வளர்ந்தது; 1937-இல் தொடங்கிய அமெரிக்க டாக்குமென்டேஷன் நிறுவனம் 1968-இல் தகவல் அறிவியல் சங்கமெனப் பெயர் மாறியது.

தமிழின் 'ஆவணம்' சங்க இலக்கியத்தில் கடைவீதியையும் குறிக்கும். உரிமைப் பத்திரம் என்பது இன்னொரு பொருள். சோழர் கல்வெட்டுகளில் பத்திரம் பதியும் இடம் ஆவணக்களரி.

'ஆவணப்படம்' வந்தபின் காட்சியும் குரலும் இச்சொல்லுக்குள் வந்துவிட்டன. டாக்குமென்டுக்கு ஆவணமே போதும். பாட்டியின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்து, பாடியவர் பெயர், ஊர், நாள் குறித்து வைத்தால் அதுவும் ஆவணம்தான்.