மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

ஜெயபுரம் சந்தியில் பின்னேரம் நாலு பெடியள் கூடினால், கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் வாகனத்தில்தான் வந்து நிற்கும். அல்டோ எடுக்கலாமா, லீசிங் மாதம் எவ்வளவு வரும், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், ஏசி போட்டால் இழுக்குமா? நாங்களும் அந்தக் கதையில் இருந்தவர்கள்தான். ஆனால் அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் சில நேரம் இடையில் ஒரு கேள்வி போடுவார்கள்: "உது மண்ணெண்ணெயில ஓடுமோ?" நாங்கள் சிரிப்போம். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வி பகிடி இல்லை. எங்கட மண்ணில் சின்னக் காரின் வரலாறே அதற்குள் இருக்கிறது.

முதலில் அந்தக் கார்கள் எப்படி இங்கே வந்தன என்று பார்ப்போம். மொறிஸ் மைனர் 1948 இல் லண்டனில் நடந்த கார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரையும் உருவாக்கியவர் இவர்தான். மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அதை நடுவால் வெட்டி, நாலு அங்குலம் அகட்டிப் பார்த்து, அதுவே சரி என்று முடிவெடுத்தாராம். பத்து லட்சத்தைத் தாண்டி உற்பத்தியான முதல் பிரித்தானியக் கார் இது. ஒஸ்ரின் ஏ40 சோமசெற் 1952 முதல் 1954 வரைதான் செய்யப்பட்டது. ஆனாலும் வடக்கில் 'சோமசெற்' என்ற பெயர் அறுபது வருடத்துக்கு மேல் நிலைத்துவிட்டது. ஒஸ்ரின் ஏ30, ஏ35, கேம்பிறிட்ஜ் என்று இன்னும் சில இருந்தன.

இவை ஏன் இவ்வளவு காலம் ஓடின? உறுதி என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் பொருளாதாரம். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 க்குப் பிறகுதான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை. நாடு முழுவதும் கராச்காரர்கள் அந்தக் காலத்தில்தான் கை தேர்ந்தார்கள்.

அந்தக் கார்களின் இலக்கத் தகட்டிலும் வரலாறு எழுதியிருந்தது. ஆரம்பத்தில் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இலக்கம் கொடுத்தார்கள். 1957 இல் அதற்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958 இல் பஸ்களின் தகடுகளில் தார் பூசப்பட்டது. அதே ஆண்டு வன்முறைக்கு முன்னால் நாட்டைச் சூடேற்றிய விடயங்களில் ஒன்று, வாகனத்தில் ஒட்டியிருந்த அந்த ஒற்றை எழுத்து. ஒரு கார் சோமசெற்றா கேம்பிறிட்ஜா என்று பார்ப்பதற்கு முன்னால், அதன் தகடு எந்தக் காலத்தது என்று பார்த்த தலைமுறை அது.

இனி விபரக்குறிப்புக்கு வருவோம். மொறிஸ் மைனரின் நீளம் 3.76 மீற்றர் அளவு. ஆரம்ப எஞ்சின் 918 சிசி, 27.5 குதிரைவலு. 1952 இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாக இணைந்த பிறகு, ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் மைனருக்கு வந்தது. பிறகு 948 சிசி, கடைசியாக 1098 சிசி, 48 குதிரைவலு. சோமசெற்றுக்கு 1200 சிசி, 42 குதிரைவலு. கியர் தடி ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம். அல்டோ 800 இல் 796 சிசி, ஏறத்தாழ 48 குதிரைவலு. அதாவது பல பத்து வருட இடைவெளிக்குப் பிறகும் கடைசி மைனரின் வலுவும் அல்டோவின் வலுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் எங்கட சனத்துக்குப் பயன்பட்ட விபரங்கள் வேறு. அவை விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருக்காது. மூன்றைச் சொல்கிறோம்.

ஒன்று, அமுக்க விகிதம். காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு. சோமசெற்றுக்கும் 803 சிசி மைனருக்கும் இது 7.2 தான். இரண்டு, முன் பம்பருக்கு நடுவால் ஹாண்டில் போட்டுச் சுற்றி ஸ்ராட் பண்ணும் வசதி. மூன்று, மைனரின் புதிய எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் இருந்தன. புகையின் சூடு உள்ளே போகும் கலவையையும் சூடாக்கும். இந்த மூன்றும் 1990 க்குப் பிறகு எங்கட ஆட்களுக்கு உயிர் விடயங்களாக மாறின.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியது. அதோடு வந்த பொருளாதாரத் தடை, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி உட்படப் பல சாமான்களை மறித்தது. யாழ்ப்பாணத்தில் 1995-96 வரை, வன்னியில் 2002 ஜனவரி வரை அந்தக் காலம் நீண்டது. கள்ளமாக வந்த பெற்றோல் மருந்துபோலத் துளிக்கணக்கில் பாவிக்கும் விலையில் இருந்தது. மட்டுப்படுத்திய அளவில் கிடைத்தது மண்ணெண்ணெய்.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் எப்படி எரியும்? நாச்சிக்குடாக் கரையில் வள்ளத்து எஞ்சின் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள். பெற்றோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ண வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தத் தொடக்கத் துளிகளுக்குச் சின்னப் போத்தலும் சேலைன் குழாயும் காபரேற்றர் பக்கத்தில் தொங்கின. பற்றறி செத்திருந்தால் ஹாண்டில். அமுக்கம் கூடின எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரம் தவறி வெடித்து, எஞ்சின் 'தட்டும்'. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் புதுக் கார்கள் கராச்சில் படுத்திருக்க, தாத்தா காலத்துச் சோமசெற் றோட்டில் ஓடியது.

இது எங்கட ஆட்கள் மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் ஃபேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடவென்றே செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் விறகை எரித்து வந்த வாயுவில் கார் ஓடியது. தட்டுப்பாடு வந்த இடமெல்லாம் மனிதர் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள்.

சரி, ஓடினவர்களின் அனுபவம் என்ன? பெரியவர்கள் சொல்வதில் முதலில் வருவது புகை. பின்னால் சைக்கிளில் வருகிறவருக்குக் கண் எரியும். உடுப்பெல்லாம் மணம். ஏற்றத்தில் இழுக்காது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், பிளக்குகள் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். வழியில் நிறுத்தினால் எஞ்சின் ஆறிவிடும், பிறகு திரும்பவும் அந்தத் துளிப் பெற்றோல் வேண்டும். அதனால் இறக்கி ஏற்றும்போதும் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருப்பார்கள்.

இதை வீரக் கதையாக மட்டும் எழுத எங்களுக்கு விருப்பம் இல்லை. கார் வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஒருவர், இருவர். மிச்சச் சனம் சைக்கிளில்தான் போனது. எங்கட பக்கம் கார் என்றால் சொந்தம் இல்லை, ஹயர். பிள்ளைப்பேற்று நோவு, பாம்புக்கடி, மலேரியாக் காய்ச்சல், சில நேரம் திரும்பி வரும் உடல். அதற்குத்தான் கார் பிடித்தார்கள். அதே மண்ணெண்ணெய்தான் வீட்டில் ஜாம் போத்தல் விளக்குக்கும் தேவை. காருக்குள் ஊற்றிய ஒவ்வொரு லீற்றரும், படிக்கிற பிள்ளையின் விளக்கில் இருந்து எடுத்த லீற்றர். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று நாங்கள் கேட்கிறோம். அவர்கள் லீற்றருக்கு எத்தனை இரவு என்றும் சேர்த்துக் கேட்டார்கள்.

இதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இலங்கையின் தெற்கில் இன்னொன்று நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து மைனருக்கான உதிரிப்பாகங்களை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். பழைய காரை எறியாமல் காலத்துக்கும் பாவிக்கலாம் என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். ஒரே தீவில் ஒரு பக்கம் மைனருக்குப் புதுப் பாகம் செய்து கப்பலில் ஏற்ற, மறுபக்கம் அதே மைனருக்கு ஒரு பிளக் கிடைக்காமல் பழையதைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2002 இல் தடை நீங்கியது, ஏ9 திறந்தது, பெற்றோல் வந்தது. கார்களுக்கு ஒரு மூச்சு. 2008 இல் போர் ஏ32 வழியாக மேலே வந்தபோது எங்கட பக்கச் சனம் கிழக்கே நகர்ந்தது. உழவு இயந்திரம், லான்ட்மாஸ்ரர், சைக்கிள், ஓடக்கூடிய கார், எல்லாம் போனது. 2009 மேயில் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் கைவிடப்பட்ட வாகனங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலில் எது எந்தக் குடும்பத்தின் எத்தனை வருட உழைப்பு என்று படம் சொல்லாது.

பிறகு 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. எங்கட றோட்டால் யாழ்ப்பாணம் கிட்டவானது. அந்த வருடமே ராராவின் நானோவும் இலங்கைக்கு வந்தது: 624 சிசி, இரண்டு சிலிண்டர், எஞ்சின் பின்னுக்கு, 12 அங்குலச் சில்லு. 'நகரத்துக் கார்' என்று செய்ததை நாங்கள் குளக்கட்டிலும் ஓடப் பார்த்தோம். அல்டோ அதைவிடக் கூட வந்தது. காரோடு லீசிங் கடனும் வந்தது.

2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோதுதான் சந்திக் கேள்வியின் அர்த்தம் எங்களுக்கு விளங்கியது. கியூஆர் அட்டைக்குக் கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். மண்ணெண்ணெய்க்கு மாறுவோமா? நானோவின் அமுக்க விகிதம் 9.5. எரிபொருளைக் கம்பியூற்றர் அளந்து பீச்சுகிறது. பற்றறி செத்தால் சுற்ற ஹாண்டில் இல்லை. போதாக்குறைக்கு அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலையே 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் போனது. பழைய வழியும் மூடிவிட்டது.

அதற்காகப் பழைய கார்தான் நல்லது என்று சொல்ல வரவில்லை. சோமசெற்றில் சீற் பெல்ற் இல்லை, அந்தப் புகையை ஒரு பிள்ளையும் சுவாசிக்கக் கூடாது. அல்டோ எடுக்கிறவர்கள் எடுங்கள். ஆனால் ஒரு வாகனத்தின் விபரத்தை வாசிக்கும்போது, வேகமும் நிறமும் பார்த்த பிறகு இன்னும் இரண்டைப் பாருங்கள்: தட்டுப்பாடு வந்தால் இது என்ன செய்யும், பழுதானால் ஊரில் யார் கைவைப்பார். எங்கட பெரியவர்கள் காசு கொடுத்துப் படிக்காத பாடம் அது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஹயர் ஓடினவர்களும், சேலைன் குழாய் பூட்டிக்கொடுத்த கராச்காரர்களும் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் செய்த மாற்றங்கள் எந்தக் கைநூலிலும் இல்லை. உங்கட வீட்டிலோ ஒழுங்கையிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பின்னேரம் போய் இருந்து கதையுங்கள். எந்தக் கார், எந்த இடத்தில் குழாய் பூட்டினார்கள், எத்தனை துளியில் ஸ்ராட் ஆனது என்று கேட்டு எழுதி வையுங்கள். நாங்களும் ஜெயபுரத்தில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.