சாட்சியத்துக்குக் காவல் யார்? காவல் நிலையப் பதிவேடும் பொதுமக்கள் நம்பிக்கையும்

சில ஆண்டுகளுக்கு முன் பேருந்தில் என் பை களவுபோனது. உள்ளே சான்றிதழ்கள் இருந்ததால் காவல் நிலையத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் வாசித்துவிட்டு, 'திருட்டு' என்ற சொல்லைப் பேனா முனையால் தொட்டார். "இத 'தவறவிட்டுவிட்டேன்'னு மாத்தி எழுதிக் குடுங்க சார். டூப்ளிகேட் வாங்க அது போதும்." மாற்றி எழுதிக் கொடுத்தேன், மனு ரசீது கிடைத்தது. அவர் கடிந்து ஒரு சொல் பேசவில்லை, உட்காருங்கள் என்று நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். ஆனால் அந்த நிலைய எல்லைக்குள் அன்று ஒரு திருட்டு நடக்காமல் போயிற்று. நடக்கவில்லை என்பதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

காவல்துறை மீதான நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லத்தியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பேனாவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். முதல் தகவல் அறிக்கை, பொது நாட்குறிப்பு, கைதுக் குறிப்பு, காவல் அடைப்புக்கான மனு, பறிமுதல் மகஜர், இப்போது கண்காணிப்புக் கேமராவின் வன்தட்டு என்று நிலையத்துக்குள் நடப்பதற்கான ஆதாரம் அத்தனையும் நிலையத்தின் கையிலேயே உருவாகி, அங்கேயே பாதுகாக்கப்படுகிறது. காவலர் தவறிழைத்ததாகப் புகார் எழும்போது அதை மெய்ப்பிக்க வேண்டிய ஆவணம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் அலமாரியில் இருக்கிறது. இந்த அமைப்பு மாறாதவரை பயிற்சி வகுப்புகளும் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்ற பலகையும் நம்பிக்கையைக் கொண்டுவரப் போவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சிக்கலின் வேரைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து, சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை வெளிவந்தது. குறுகிய காலத்துக்குள் ஏறத்தாழ 2000 முறையீடுகள் குவிந்தன; பல நூறு மைல் தொலைவிலிருந்து நேரில் வந்து சொன்னவர்களும் உண்டு. அந்த ஆங்கில அறிக்கைக்குள் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. ஒன்று கிட்டி: விரல்களை இடையில் வைத்து நெரிக்கும் மரக் கருவி. மற்றொன்று அண்ணாந்தாள்: உடலை வளைத்துக் கழுத்தையும் காலையும் பிணைத்துக் கட்டிவைக்கும் தண்டனை. ஆங்கிலத்தில் வேறு சொல் தேட ஆணையத்தார் மெனக்கெடவில்லை. ஊரில் எல்லோரும் அறிந்த பெயர்கள் அவை.

அன்று வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்தன. தாசில்தாரே நிலத்தீர்வை பிரிப்பவர், அவரே காவல் தலைவர், சிறு குற்றங்களுக்குத் தண்டனை கொடுப்பவரும் அவரே. அடித்தவரின் கச்சேரியில்தான் அடிபட்டவர் முறையிட வேண்டும். ஆணையம் இந்தப் பிணைப்பை அடையாளம் கண்டு, காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கச் சொன்னது. 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம் அதைச் செய்தது. தாசில்தாரிடமிருந்து பிடுங்கிய அதிகாரம் காவல் நிலையத்துக்குப் போயிற்று. அடித்தவரிடமே முறையிடும் வழக்கமும் அதோடு சேர்ந்தே போயிற்று.

வெள்ளை அரசு தான் உருவாக்கிய காவல்துறையைத் தானே நம்பவில்லை என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் புகுந்து, 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் 23ஆம் பிரிவாக அது தொடர்கிறது. நூற்றறுபது ஆண்டுகளாகச் சட்டமே அவநம்பிக்கையை எழுத்தில் வைத்துக்கொண்டு, குடிமகனை மட்டும் நம்பச் சொல்கிறது. கூடவே ஒரு புழக்கடைக் கதவும் திறந்திருக்கிறது. வாக்குமூலத்தின் விளைவாகப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புடைய பகுதி ஏற்கப்படும். அதனால்தான் நம் கொலை வழக்குகளில் எதிரி எப்போதும் சாட்சிகளை முன்னே அழைத்துப் போய், முட்புதரில் மறைத்து வைத்த அரிவாளை எடுத்துக் கொடுக்கிறார். அந்த மகஜரை எழுதுவதும் அதே பேனாதான்.

2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனும், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்பதற்காகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி விடியலில் தந்தையும் கோவில்பட்டியில் இறந்தார்கள். நாடே அறிந்த வழக்கு. உடலில் நடந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆவணத்தில் நடந்ததை நான் பார்க்கிறேன்.

கடையை மூட மறுத்துத் தகாத சொற்களால் திட்டித் தரையில் உருண்டார்கள், அதில் உட்காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. அக்கம்பக்கக் கடையின் கேமராவில் பதிவான காட்சி வெளிவந்தபோது அப்படி எவரும் உருளவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று கிடைத்தது. இரத்தம் ஊற ஊற லுங்கிகள் மாற்றப்பட்டதாகப் பின்னால் சாட்சிகள் சொன்ன அதே இருவருக்குத்தான் அந்தச் சான்று. நடுவர் காவலில் அடைக்க உத்தரவிட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அவர்கள் போனார்கள். நிலையம் எழுதிய ஒரு வாக்கியம் மருத்துவரையும் நடுவரையும் தாண்டிச் சிறைவாசல்வரை தடையில்லாமல் நடந்து போயிருக்கிறது. தடுத்து நிறுத்தவென்றே சட்டம் அவர்களை வழியில் நிற்க வைத்திருந்தது.

நிலையத்துக்குள்ளும் கேமரா இருந்தது. விசாரிக்கப்போன கோவில்பட்டி நீதித்துறை நடுவரின் அறிக்கைப்படி, ஒரு டெராபைட் வன்தட்டில் இடம் ஏராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19இன் காட்சி இல்லை. தெருக் கேமரா காப்பாற்றி வைத்ததை நிலையக் கேமராவால் காப்பாற்ற முடியவில்லை. தொழில்நுட்பம் ஒன்றுதான், சாவி யாரிடம் இருந்தது என்பதே வித்தியாசம்.

அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடுவரிடம் வாய்திறந்தார். லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்றார். வாக்குமூலத்தில் கையெழுத்திடவே அஞ்சினார். வெளியே சக காவலர்கள் நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், கேட்ட லத்திகள் எளிதில் கைக்கு வரவில்லை என்றும் நடுவர் பதிவு செய்கிறார். காவலில் நிகழும் வன்முறைக்கு நேரில் கண்ட சாட்சி கிடைப்பது அரிது, சகோதரப் பிணைப்பால் காவலர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றுவார்கள் என்று 1995இல் சியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் உச்சநீதிமன்றம் கவலைப்பட்டிருந்தது. இங்கே அந்த அரிய சாட்சி கிடைத்தார். ஆனால் ஒரு தலைமைக் காவலரின் தனிப்பட்ட துணிச்சலை நம்பித்தான் ஒரு மாநிலத்தின் நீதி நின்றிருக்கிறது என்றால், அதை அமைப்பு என்று சொல்ல முடியுமா?

ஜூன் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதுவரை கேட்டிராத ஓர் ஆணையைப் பிறப்பித்தது. சாட்சியங்கள் அழியாமலிருக்க, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறை தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டும் என்றது. வருவாய் அலுவலர்கள் போய் நிலையத்தில் அமர்ந்தார்கள். வருவாய்த் துறையிடமிருந்து மக்களைக் காப்பாற்றப் பிறந்த காவல்துறையிடமிருந்து, 165 ஆண்டு கழித்து, நாலு லத்தியையும் ஒரு மேசையையும் காப்பாற்ற வருவாய்த் துறையே வரவேண்டியதாயிற்று. 1855 அறிக்கையைப் படித்த எவரும் இதைச் சிரிக்காமல் கடந்துவிட முடியாது, அந்தச் சிரிப்பு கசந்தாலும். சிபிஐ 2020 செப்டம்பரில் ஒன்பது காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஐந்தாண்டு கழித்து 2025இலும் மதுரை நீதிமன்றத்தில் அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அதே 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் கேமராவின் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் பதிவுக்கும் பொறுப்பாளராக அது நிலைய அதிகாரியையே வைத்தது. 2025 செப்டம்பரில் கேமராக்கள் வேலை செய்யாத நிலையை எடுத்துக்கொண்டு உச்சநீதிமன்றம் மீண்டும் தானாகவே வழக்கைத் தொடங்க நேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. அதற்குச் சில மாதம் முன்பு, ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளி ஒருவர் நகை காணாமற்போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது இறந்தார். வெளி உலகுக்கு உண்மையைக் காட்டியது அங்கே ஒருவர் ஒளிந்து நின்று எடுத்த கைபேசிக் காட்சி. முதல் தகவல் அறிக்கை இல்லாமல் காவல்துறையின் தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்று உயர்நீதிமன்றம் கேட்டது. எழுதப்படாத புகாருக்கு எழுதப்படாத விசாரணை. மேலே சொன்ன மனு ரசீதுப் பண்பாட்டின் கொடூரமான மறுமுனை அது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். மக்கள் காவல்துறையை நம்பவில்லை என்று எப்படிச் சொல்லலாம், ரவுடிகளுக்குக் கையில் மாவுக்கட்டு போட்ட படங்கள் வந்தால் கொண்டாடுகிறார்களே என்பார்கள். உண்மைதான். 'தப்பிக்க முயன்றபோது வழுக்கி விழுந்தார்' என்ற வாக்கியத்தை எழுதியவரும் நம்புவதில்லை, படிப்பவரும் நம்புவதில்லை. இருவரும் கண்சிமிட்டிக் கொள்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தை நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்கிறவர் தன் வீட்டு எல்லைத் தகராறுக்கு நிலையம் போகவேண்டி வந்தால் தனியாகப் போவதில்லை. வார்டு கவுன்சிலரையோ தெரிந்த வக்கீலையோ கூட்டிக்கொண்டுதான் போகிறார். கைதட்டலை நம்பிக்கை என்று எண்ணினால் கணக்கு தப்பும். தன்மீது பாயாதவரை புலியை ரசிப்பது போன்றது அது.

மக்கள் ஏன் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்று சிகாகோ நகரத்தாரிடம் ஆய்ந்த டாம் டைலர், தீர்ப்பு தமக்குச் சாதகமா என்பதைவிட நடைமுறை நியாயமாக இருந்ததா என்பதே அதிகம் எடைபோடப்படுகிறது என்று 1990இல் வெளிவந்த நூலில் காட்டினார். நம் சூழலில் அதை அப்படியே எடுத்துப் பொருத்த எனக்குத் தயக்கம். ஏட்டளவில் நம் நடைமுறை மோசமில்லை. 1996இன் டி.கே. பாசு தீர்ப்பில் கைதுக் குறிப்பு முதல் மருத்துவப் பரிசோதனை வரை பதினொரு கட்டளைகள் உண்டு. அவை பின்பற்றப்பட்டன என்று காட்டும் தாள்களும் வழக்குக் கட்டில் தவறாமல் இருக்கும். எல்லாத் தாளும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், சில சமயம் ஒரே இரவில் எழுதப்பட்டிருக்கும் என்பதுதான் வக்கீல்கள் அறிந்த கதை. நடைமுறை நியாயமா என்று எடைபோடக் குடிமகனுக்குத் தராசே கொடுக்கப்படவில்லை.

கீழ்நிலைக் காவலர்களின் குறை தனிக் கட்டுரைக்குரியது. விடுப்பில்லாத வேலை, மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவு, சங்கம் வைக்கும் உரிமையின்மை எல்லாம் மெய். ஆனால் வாய்மொழி உத்தரவுக்கு ஆட்பட்ட காவலருக்கும் வெளியார் கையிலுள்ள பதிவே பாதுகாப்பு. 'யார் சொல்லி அடித்தாய்' என்ற கேள்விக்கு அவரிடம் இன்று ஆதாரமில்லை.

இங்கிலாந்தில் 1984இன் காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், கைதானவரின் காவலுக்குப் பொறுப்பான அதிகாரியைப் புலனாய்வு செய்பவரிடமிருந்து பிரித்து வைத்தது. விசாரணை உரையாடலை ஒலிப்பதிவு செய்யும் முறையும் அதன் வழியே வந்தது. காவலுக்குப் பொறுப்பான அந்த அதிகாரியும் காவலரே என்பதால் அது முழுத் தீர்வில்லை, ஆனால் பேனா கைமாறியது. நம்மிடமும் யோசனைக்குப் பஞ்சமில்லை. காவலில் காயம் ஏற்பட்டால் அதைக் காவலரே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், மறுக்கும் பொறுப்பு அவருடையது என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என்ற பிரிவைச் சேர்க்கச் சட்ட ஆணையம் 1985இலேயே பரிந்துரைத்தது. புதிய சாட்சியச் சட்டம் எழுதியபோதுகூட அது சேர்க்கப்படவில்லை. கேமராப் பதிவு நொடிக்கு நொடி மாவட்ட நீதிமன்றத்தின் சேமிப்பகத்துக்குப் போவதும், காவலர் அறைக்கு வெளியே நிற்க மருத்துவர் பரிசோதித்துச் சான்றை நேரே நடுவருக்கு அனுப்புவதும் இன்றைய வசதியில் எட்டாதவை இல்லை. கருவி இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்ற இடத்தில்தான் அரசுகளுக்குக் கை நடுங்குகிறது.

அந்த நடுக்கத்தைத் தமிழ்நாட்டில் தெளிவாகவே பார்க்கலாம். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், காவலர்மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஆணையங்கள் வேண்டும், மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதியும் மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்றது. 2013இல் தமிழ்நாடு இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் காவல்துறைத் தலைமை இயக்குநரும் சட்டம் ஒழுங்குக் கூடுதல் இயக்குநரும். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். பெயர் ஆணையம், உள்ளே இருப்பது அலுவலகம்.

ஆகவே மனுவின் பயணம் பழைய தடத்திலேயே தொடர்கிறது. ஆய்வாளர்மீது குறை சொல்லி ஒருவர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறார். அது கண்காணிப்பாளருக்குப் போகிறது, அங்கிருந்து துணைக் கண்காணிப்பாளருக்கு, அங்கிருந்து 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு கீழே இறங்குகிறது. பத்துப் பதினைந்து நாளில் மனுதாரரின் கைபேசி ஒலிக்கிறது. பேசுவது அதே நிலையத்தின் ரைட்டர். "மேல ஏதோ மனு போட்டிருக்கீங்களாமே அண்ணே. ஒண்ணுமில்ல, ஒரு ஸ்டேட்மென்ட் எழுதணும், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க."