உண்மைக் கதை, கற்பனைப் பெயர்

சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் திரைப்பட விழா நடந்தது. விழா என்பது பெரிய சொல். ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹால், ஜன்னல்களை மறைக்க ஜமக்காளம், கடன் வாங்கிய புரொஜெக்டர், எண்பது நாற்காலிகள், அவற்றில் பாதி காலி. சனிக்கிழமை டாக்குமெண்டரிகள். ஞாயிற்றுக்கிழமை 'உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்ட' கதைப் படங்கள். முதல் நாள் உண்மை, மறுநாள் உண்மையோடு கொஞ்சம் மசாலா என்று பிரித்திருக்கிறார்கள் போலும். நாற்பது வருஷங்களுக்கு முன் பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு ஃபிலிம் சொஸைட்டி நடத்தியவர்களில் நானும் ஒருவன். நாங்களும் இப்படித்தான் பிரித்தோம். அதனால் இங்கே நான் சொல்லப்போகிற குறை முதலில் என்னைத்தான் சாரும்.

ஞாயிறு காலை காட்டிய படம் ஒன்றின் ஆரம்பத்தில் இரண்டு வாசகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இது உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்றது ஒன்று. இதில் வரும் பெயர்கள், பாத்திரங்கள், சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே என்றது மற்றது. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இவ்வளவு அப்பட்டமான முரண்பாட்டை நாம் எப்போது, எப்படி ஜீரணித்துக்கொண்டோம் என்ற யோசனையில் படத்தின் முதல் பத்து நிமிஷம் எனக்குப் போய்விட்டது.

இரண்டாவது வாசகத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1932இல் அமெரிக்காவில் எம்.ஜி.எம். ஸ்டூடியோ ரஸ்புடினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. ரஸ்புடினை 1916இல் கொன்றவர்களில் ஒருவரான இளவரசர் யூஸுபோவ் அப்போது உயிரோடிருந்தார், கொன்றதை மறைத்தவருமில்லை. படமோ தன் பாத்திரங்களில் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பெருமையாக அறிவித்துக்கொண்டு தொடங்கியது. அதில் ரஸ்புடினின் வலையில் விழுகிற இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள் என்று யூஸுபோவின் மனைவி லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1934இல் ஜெயித்தார். 25,000 பவுன் நஷ்டஈடு. அதன் பிறகுதான் 'யாவும் கற்பனையே' என்ற வாசகம் படங்களின் தலையில் வழக்கமாக ஏறியது. உண்மை என்று தம்பட்டம் அடித்ததற்குக் கொடுத்த விலை அது. கலை தன் சுபாவத்தைப் பற்றிச் செய்துகொண்ட பிரகடனம் என்று அதை யாரும் நினைக்க வேண்டாம். வக்கீல் எழுதிக் கொடுத்த வாசகம். அதன் நிழலில் படம் உண்மையின் கௌரவத்தை எடுத்துக்கொள்ளலாம், உண்மைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமைக் கட்சி இதைக் கேட்டு சந்தோஷப்படக் கூடாது. டாக்குமெண்டரியின் பூர்வோத்தரமும் அப்படியொன்றும் சுத்தமானதல்ல. 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த, தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளிவரும் படத்துக்கே குறைந்தது மூன்று வடிவங்கள் இருக்கின்றன. திரும்ப எடுத்திருக்கிறார்கள், ஆட்களைத் திரும்ப வரவைத்திருக்கிறார்கள். ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக்' 1922இல் வந்தது. டாக்குமெண்டரியின் மூலவர் என்று நாங்களெல்லாம் கும்பிட்ட படம். அதில் பனிவீட்டுக்குள் காமிராவுக்கு வெளிச்சம் போதாது என்று பாதி வீடுதான் கட்டினார்கள். துப்பாக்கி பழகிவிட்ட மனிதர்களை ஈட்டியோடு வேட்டைக்கு அனுப்பினார்கள். மனைவியாக வருகிறவள் மனைவியில்லை. நானூக்கின் பெயரும் நானூக் இல்லை. அல்லாகரியல்லாக் என்பது அந்த மனிதரின் பெயர். உலகத்தின் வாயில் சுலபமாக நுழைகிற ஒரு பெயரை அவருக்குச் சூட்டிவிட்டார்கள். அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறை அதைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவருடைய நிஜப் பெயரை ஒரு முறைகூடத் தேடவில்லை.

ஆக, காமிரா நிஜத்தைத் தொட்டதா, மாற்றி அமைத்ததா என்பதை வைத்துச் சனியையும் ஞாயிறையும் பிரிக்க முடியாது. தொடாமல், மாற்றாமல் சினிமா இல்லை. வேறொரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு படத்தில் யாருக்கு அவருடைய பெயர் மிஞ்சுகிறது, யாரிடமிருந்து அது பறிபோகிறது?

தமிழில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ஏ.கே. செட்டியாருக்கு 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கும் எண்ணம் வந்தது. சினிமாக் கம்பெனி எதுவும் அவர் பின்னால் இல்லை. அப்புறம் உலகம் சுற்றி, முப்பது வருஷ காலத்தில் சுமார் நூறு காமிராக்காரர்கள் எடுத்து அங்கங்கே கிடந்த 50,000 அடி ஃபிலிமைத் திரட்டினார். 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் வெளிவந்தது. அடுத்தவர் எடுத்த துண்டுகளைச் சேர்த்தவர் என்ற அளவோடு தன்னை நிறுத்திக்கொண்டவர் அவர். 'குமரி மலர்' நடத்திய காலத்திலும் சுயவிளம்பரத்துக்குக் கூசியவர். தன் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, எடுக்கப்பட்ட மனிதரை முன்னால் நிறுத்துவது ஒரு ஒழுக்கம். ஆனால் காந்திக்குப் பெயர் ஏற்கனவே இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெயரில்லாதவர்கள் விஷயத்தில்தான் இந்த ஒழுக்கத்துக்கு நிஜமான சோதனை.

சுதந்திரத்துக்குப் பிறகு டாக்குமெண்டரி என்றாலே ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றாகிவிட்டது. 1948இல் வந்த ஸ்தாபனம். சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்ற அசல் கலைஞர்கள் அதற்குள்ளிருந்தே வந்தார்கள் என்றாலும், கொட்டகையில் அது ஓடும்போது ஜனங்கள் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். சுதந்திரமாக எடுத்தவர்களுக்குக் கொட்டகையே இல்லை. மும்பையின் சர்வதேச டாக்குமெண்டரி விழா 2003இல் இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கேட்டபோது கலைஞர்கள் எதிர்த்தார்கள். நிபந்தனை வாபஸானது, ஆனால் பல படங்கள் தேர்வில் உதிர்ந்தன. 2004இல் அதே நாட்களில், அதே நகரத்தில், 'விகல்ப்' என்று மாற்று விழா நடத்திக் காட்டினார்கள். மதுரையில் அமுதன் 1998இலேயே ஆரம்பித்திருந்தார். கோரக்பூரில் 2006இலிருந்து ஜனங்களிடம் வசூலித்த காசில் விழா நடத்தினார்கள். எங்கள் ஊர் ஜமக்காள விழா இந்த வம்சத்தில் வந்தது. கொட்டகை மறுத்ததைக் காட்டுவதற்காகப் பிறந்தது என்பதால்தான் அதனிடம் கொஞ்சம் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

இந்த விழாவில் ஒரே சம்பவத்தைப் பற்றி இரண்டு படங்கள் இருந்தன. சனிக்கிழமை பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை', 2005. ஞாயிறு ஸ்ரீதர் ராஜனின் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்', 1983. எங்கிருந்தோ தேடிப் பிடித்த மங்கிய பிரதி. இரண்டுக்கும் மூலம் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரியில், ஒரு குடிசைக்குள் புகுந்து ஒளிந்த 44 தலித்துகள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் வேறு சிலரையும் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பணக்காரர்கள், அதிலும் கார் வைத்திருப்பவர், வேலைக்காரர்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற ரீதியில் தீர்ப்பு எழுதப்பட்டது.

இதற்குப் பிறகு 1975இல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. அதிலிருந்துதான் ஸ்ரீதர் ராஜனின் படம். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. சட்டத்தின் பார்வையில் குற்றவாளி இல்லாமல் போன ஒரு குற்றத்தைக் கதைதான் பேச முடியும் என்ற நிலைமை இருந்ததை நான் மறுக்கவில்லை. பெயரை மாற்றியாவது சொன்னார்கள். சொல்லாமலே இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் நாங்கள் அதை எப்படி வாசித்தோம்? நாவல் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நிலச்சுவான்தாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியது சரியா, தப்பா என்று சிறுபத்திரிகைகளில் சண்டை நடந்தது. வர்க்கப் போராட்டத்தை ஃப்ராய்டு தின்றுவிட்டார் என்றது ஒரு கட்சி. கலைஞனின் சுதந்திரம் என்றது மற்றொன்று. நான் முதல் கட்சி. பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். எங்கள் அணி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான அணியில் இருந்துகொண்டே ஒரு விஷயத்தை முழுக்கத் தவற விட்டுவிட முடியும்.

அது எனக்கு உறைத்தது இந்த ஞாயிற்றுக்கிழமைதான். படம் முடிந்து விவாதம். பழைய சண்டையை நானே எடுத்துக் கொடுத்தேன். மூலநாவல், ஃப்ராய்டு, படம் அதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டது என்று நாலைந்து பேர் அரைமணி நேரம் பேசினோம். பின்வரிசையில், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்மணி இரண்டு நாளும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, "இவ்வளவு நேரமும் நீங்க எல்லாரும் அந்த ஒருத்தரைப் பத்தியேதானே பேசுனீங்க?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. அமைப்பாளர், அது ஒரு பார்வை, இது ஒரு பார்வை என்று ஏதோ சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

நாற்பத்துநாலு பேரில் ஒருவர் பெயர்கூட அந்த நிமிஷம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐம்பது வருஷமாக வெண்மணியைப் பற்றிப் பேசுகிறவன். கொன்றவரின் மனக்கோளாறு எனக்கு அத்தியாயம் அத்தியாயமாகத் தெரியும். பெயர்கள் ரகசியமல்ல. வெண்மணியில் நினைவுச் சின்னத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

முந்தின நாள் டாக்குமெண்டரியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அதுவும் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஒட்டிச் செய்ததுதான். சார்பு இல்லாததல்ல. ஆனால் சாகாமல் மிஞ்சியவர்களும், செத்தவர்களின் உறவுகளும் அதில் தாங்களாகப் பேசுகிறார்கள். கோர்ட்டில் எடுபடாத பேச்சு முப்பத்தேழு வருஷம் கழித்து வந்து சேருமிடம் அது. தலைப்புகளைப் பாருங்கள். நாவலின் தலைப்பில் ரத்தம். கதைப்படத்தின் தலைப்பில் சிவந்த கண், சிவந்த மண். டாக்குமெண்டரியின் தலைப்பில் மட்டும்தான் ஒரு ஆள் இருக்கிறார், ஒரு கூலிக்காரர், அவருடைய குடிசையோடு.

கதைப்படம் பெயரைக் காப்பாற்றவே முடியாது என்று சொல்ல வரவில்லை. 2021இல் ஞானவேலின் 'ஜெய் பீம்' வந்தது. 1993இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு படத்திலும் ராஜாக்கண்ணுதான். வழக்காடிய சந்துருவும் சந்துருதான். அந்த அளவுக்கு அது நேர்மை. ஆனால் விடாமல் போராடிய மனைவியின் பெயர் வேறாகிவிட்டது. குறவர் குடும்பம் இருளர் குடும்பமாகிவிட்டது. இருளர்களின் துயரம் பொய்யல்ல; அந்தப் படத்தால் அவர்களுக்கு நல்லதும் நடந்திருக்கும். இருந்தாலும் வக்கீலின் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை; அந்த அம்மாளின் பெயரும் அவள் ஜாதியும் மாற்றக்கூடியவையாகத் தோன்றியிருக்கின்றன. எது மாறலாம் என்ற இந்தத் தீர்மானத்தில்தான் நம் எல்லோருடைய பிரக்ஞையும் பிடிபட்டுப் போகிறது, 'நானூக்'கிலிருந்து இன்றுவரை.

எங்கள் விழாக்காரர்கள் அடுத்த வருஷமும் நடத்தப்போவதாகச் சொன்னார்கள். நடத்த வேண்டும். ஆனால் சனி, ஞாயிறு என்ற பாகப்பிரிவினை வேண்டாம். சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிப்பேர் ஞாயிறு வரவில்லை. இரண்டு படங்களையும் பார்த்து இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டவர் அந்தப் பெண்மணி ஒருவர்தான். ஒரே சம்பவத்தின் டாக்குமெண்டரியையும் கதையையும் அடுத்தடுத்துக் காட்டட்டும். விழாவின் துண்டுப் பிரசுரத்தில் இயக்குநர் பெயர், வருஷம், நிமிஷக் கணக்கு, வாங்கிய விருது எல்லாம் இருந்தன. கீழ்வெண்மணி என்ற இடத்தில் '44 பேர்' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயர்களை அச்சிட ஒரு பக்கம் போதும். அச்சுக்கூலியை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வெண்மணிக்குப் போய்ப் பெயர்களை எழுதிக்கொண்டு வரும் வேலையும் என்னுடையதுதான். இதுவரை நான் அங்கே போனதில்லை.