மாரி பிஸ்கட் நிறம்

பெப்ரவரி கடைசியில் என் மேசைக்கு அந்த அட்டவணை வந்து சேரும். ஆரம்பத்தில் டெலிபிரின்டர் தாளில் வந்தது, பிறகு தொலைநகலில், கடைசிக் காலத்தில் கணினித் திரையில். போர்முலா வன் அணிகள் பருவம் தொடங்குமுன் ஸ்பெயினிலோ பஹ்ரேனிலோ ஓட்டிப் பார்த்த நேரங்கள் வரிசையாக இருக்கும். ஆசிரியர் கதவடியில் நின்றபடியே கேட்பார்: “இந்த முறை ஆர் வெல்லுவான்? அரைப் பக்கம் தாரும்.” கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இருபத்தேழு வருடம் இருந்தேன். அந்த அரைப் பக்கத்தை எழுத உட்காரும்போதெல்லாம் என் கண்ணில் தெரிந்தது பார்சலோனா இல்லை, கட்டுக்குருந்தை.

அட்டவணையில் முதலாவதாக இருக்கிற கார்தான் வேகமான கார் என்று எழுதுவது சுலபம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் தாங்கியில் பத்துக் கிலோ பெற்றோல் கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி போய்விடும் என்பது பந்தயக்காரரின் வாய்ப்பாடு. 2010 இல் பந்தய நடுவே பெற்றோல் நிரப்புவதை நிறுத்தினார்கள். அதன் பிறகு புறப்படும்போதே நூறு கிலோ வரையோ அதற்கு மேலோ சுமந்துகொண்டுதான் போகவேண்டும். ஒத்திகையில் யார் எவ்வளவு ஊற்றியிருக்கிறார் என்பதை எவரும் சொல்வதில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே இரண்டு வினாடி இருந்தால் அது என்ஜினா, ஓட்டுநரா, வெறும் பெற்றோலா? முந்நூற்று நாலு சீட்டு ஆடுபவர்களுக்கு இது உடனே விளங்கும். துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதானே ஆட்டமே தொடங்குகிறது.

கையில் இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டுபவர்களும் உண்டு. 2001 தொடக்கத்தில் ஜோன் அலெசி ஓட்டிய புரொஸ்ட் அணிக் கார் ஒத்திகையில் எல்லாரையும் வாய்பிளக்க வைத்தது. பணம் போடுபவர்களைப் பிடிப்பதற்காக எடை குறைத்து ஓட்டுகிறார்கள் என்று அப்போதே முணுமுணுத்தார்கள். அந்த வருடம் முழுக்க அவர்களுக்குக் கிடைத்தது 4 புள்ளிகள். 2002 ஜனவரியில் அணியே இல்லை.

எனக்கு இந்தச் சந்தேகப் புத்தியைத் தந்தவர் என் மாமா. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் அவருக்குக் கராஜ் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை: தகரக் கூரை, ஒரு குழி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட சாவிகள். அயலில் எல்லாருக்கும் அவர் ‘பாஸ்’. ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. கொழும்பில் தமிழன், சிங்களவன், சோனகன் என்று பார்க்காமல் கைவேலை தெரிந்த எவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். பழைய உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை நடை தூரம். பந்தயம் ஓடுகிற இரண்டு மூன்று பேர் தங்கள் மினியையும் அங்லியாவையும் மாமாவிடம்தான் விடுவார்கள்.

இலங்கையில் கார்ப் பந்தயம் தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்காகத்தான் வேர்விட்டது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றம் 1934 இல் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே வளைந்தேறும் பாதையில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு விளையாட்டு சமதரைக்கு இறங்கியது. களுத்துறைக்கு அப்பால் கட்டுக்குருந்தையில் பிரித்தானியக் கடற்படை தன் விமானங்களுக்கு ஓடுபாதை போட்டிருந்தது. கப்பலுக்கு வைப்பதுபோல் அந்தத் தளத்துக்கு ‘உக்குஸ்ஸா’ என்று பெயரும் இருந்தது, சிங்களத்தில் வல்லூறு. விமானங்கள் போன பின் அந்தக் கொங்கிறீற்றில் கார்கள் ஓடின. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டனும் போர்க்கால விமானத் தளம்தான், 1950 இல் முதலாவது போர்முலா வன் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரமும் அதே கதை. யுத்தம் ஒன்றையாவது ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போனது என்று மாமா சொல்லுவார்.

சில்வர்ஸ்டனுக்குக் கார்கள் லொறியில் ஏறி வந்திருக்கலாம். கட்டுக்குருந்தைக்கு அவை தாமாகவே ஓடிப் போயின. கொட்டாஞ்சேனையில் புறப்பட்டு, காலி வீதியில் ஏறி, வெள்ளவத்தைச் சந்தையையும் இரத்மலானையையும் பாணந்துறையையும் தாண்டி, களுத்துறைப் பாலம் கடந்து போய், அங்கே மட்கார்டையும் பின்சீற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஓடும். பின்னேரம் கழற்றியதைத் திருப்பிப் பூட்டி அதே வீதியால் வீட்டுக்கு வரவேண்டும். திங்கட்கிழமை அந்தக் கார்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்.

அறுபதுகளின் கடைசி, எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒத்திகை நாளுக்கு என்னைக் கூட்டிப் போனார். காரில் இடமில்லை, கோட்டையிலிருந்து கடலோர ரயிலில் போனோம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய ஸ்டொப் வோச் ஒன்றை ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன். ஓடுபாதையில் பெற்றோலோடு இன்னொரு மணமும் கலந்து வந்தது. எனக்குத் தெரிந்த மணம், வயிற்றைப் பிரட்டியது. சில கார்களுக்குப் பந்தய ஒயில் ஊற்றியிருந்தார்கள், அது ஆமணக்கெண்ணெயில் செய்வது. பள்ளி விடுமுறையில் பேதிக்கு அம்மா மூக்கைப் பிடித்துப் பருக்கிய அதே சாமான்.

சிவப்பு மினி ஒன்று எல்லாரையும் விட வேகமாகச் சுற்றியது. நேரத்தைக் கத்தினேன். மாமா திரும்பியும் பார்க்கவில்லை. “மணிக்கூட்டை உள்ளுக்கு வை” என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிளக்கை. அதைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முழு வேகத்தில் வரும்போதே சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கவேண்டும். கிளச்சை மிதித்தபடி உருண்டு வந்து நிற்கவேண்டும். மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினால் பிளக் பொய் சொல்லும். சூடு ஆறுமுன் நாலையும் கழற்றி, சிகரெட் டின் மூடியில் வரிசை மாறாமல் வைப்பார். வெயிலுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி, அந்த வெள்ளைப் பீங்கான் மூக்கின் நிறத்தைப் பார்ப்பார். கரி பிடித்துக் கறுப்பாயிருந்தால் பெற்றோல் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெற்றோல் போதாது, உள்ளே கொதிக்கிறது, பிஸ்டனில் ஓட்டை விழும். இரண்டுக்கும் நடுவே மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் அந்தக் காரை நம்பலாம்.

மினிக்காரர் தம் பிளக்கை மாமாவிடம் நீட்டினார். மூன்று பிஸ்கட், ஒன்று வெள்ளை. மாமா அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார், அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் சொன்னதுதான் ஞாபகம் இருக்கிறது: “கறுப்பு சோம்பேறி. வெள்ளை சாகப் போறவன். வேகமாத்தான் போவான், கொஞ்ச நேரத்துக்கு.” அடுத்த நாள் பந்தயத்தில் அந்த மினி நீலப் புகையோடு ஓரமாக நின்றது.

மாமாவிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒத்திகை நாளில் ஒவ்வொரு காருக்கும் ஒரு வரி: பிளக், சத்தம், டயர் விளிம்பு. நேரத்துக்கென்று கட்டமே இல்லை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘வீட்டை போகுமோ?’ அதில் ஓம் அல்லது இல்லை. ஓம் போட்ட கார்களுக்குள்தான் வெல்லப்போவதை அவர் தேடுவார். கொட்டாஞ்சேனையில் ரேஸ் புக்கிக் கடைக்கு நாள்தோறும் போய் இங்கிலாந்துக் குதிரைகளுக்குக் காசு கட்டுகிற ஒருவர், “பாஸ், உம்மட கொப்பி எனக்குக் குதிரைக்கு இருந்தால் நான் வெள்ளவத்தையில் மாடி வீடு கட்டியிருப்பன்” என்பார். கார்களுக்கு எந்தப் புக்கியும் பலகை எழுதவில்லை, நல்ல காலம்.

இந்தக் கணக்கைக் கற்றுத் தந்தது தட்டுப்பாடு என்றுதான் நினைக்கிறேன். அந்நியச் செலாவணி இல்லாத காலம். புதுக் காரும் வராது, பிஸ்டனும் வராது. களனியில் சோவியத் உதவியோடு அரசாங்கம் கட்டிய தொழிற்சாலை டயரைத் தந்தது, மிச்சத்தைப் பஞ்சிகாவத்தையில் பொறுக்கவேண்டும். சனிக்கிழமை எரிக்கிற பெற்றோல் ஞாயிற்றுக்கிழமையின் பெற்றோல். அதனால் ஒத்திகையில் மூன்று சுற்று, கூடினால் நாலு. பெராரிக்கு பியோரானோவில் சொந்தப் பாதையே இருந்தது, நினைத்த நேரம் ஓட்டிப் பார்க்கலாம். தாங்கியை நிரப்பிக்கொண்டு மெதுவாக ஓடி எதிரியை ஏமாற்றுவது எங்கள் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

1977 க்குப் பிறகு கதவு திறந்தது, ஜப்பான் கார்கள் கப்பல் கப்பலாக வந்தன. மாமா அவற்றையும் திருத்தினார், பெரிய பிரியம் இல்லாமல். 83 ஜூலைக் கலவரத்தில் ஒழுங்கை எரிந்தபோது கராஜும் எரிந்தது, கொப்பியும் போனது. அவர் வெள்ளவத்தைக்கு வந்து மகளோடு இருந்தார், பிறகு கராஜ் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் எத்தனை நாளைக்கு? காபரேற்றர் போய், பெற்றோலை அளந்து விடுவதைக் கணினி எடுத்துக்கொண்ட பின் எல்லாப் பிளக்கும் ஏறத்தாழ ஒரே நிறம். பாதையோரம் நின்று காதால் கேட்பதும் இனி முடியாது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள். சின்னப் பிள்ளையும் அதில் ஒன்று. நாங்கள் கட்டுக்குருந்தையில் எவ்வளவு கிட்ட நின்றோம் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கொப்பி எரிந்தாலும் அந்தக் கடைசிக் கட்டத்தை நான் பத்திரிகைக்குக் கொண்டுபோனேன். 2014 இல் புதிய என்ஜின் விதிகள் வந்தன. ஸ்பெயினில் ஹெரெஸ் ஒத்திகையில் நாலு நாளில் மெர்சிடிஸ் 309 சுற்று ஓடியது. அதற்கு முந்திய நாலு ஆண்டும் பட்டம் வென்ற ரெட் புல் ஓடியது 21. நான் வினாடிகளைத் தொடாமல் சுற்றுகளை மட்டும் எண்ணி, மெர்சிடிஸ் என்று எழுதினேன். அந்தப் பருவத்தில் 19 பந்தயத்தில் 16 அவர்களுக்கு.

இதைச் சொன்னவன் மற்றதையும் சொல்லவேண்டும். 2009 இல் ஹொண்டா கைவிட்ட அணியை ரொஸ் பிரோன் எடுத்துக்கொண்டு மார்ச்சில்தான் பார்சலோனாவுக்கு வந்தார். வந்தவுடன் மற்றவர்களை விட வெகு வேகம். புரொஸ்ட் கதை ஞாபகம் வந்து, இது பணம் தேடும் பவுசு என்று எழுதினேன். மெல்பேர்னில் முதலாம் இரண்டாம் இடம் அவர்களுக்கு; வருட முடிவில் இரண்டு பட்டமும். என் அரைப் பக்கத்தை வெட்டி என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே யாரோ வைத்திருந்தார்கள். 2019 இல் பெராரி என்று எழுதினேன், மெர்சிடிஸ் முதல் எட்டுப் பந்தயத்தையும் வென்றது. ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் பெராரி என்றுதான் நம்பியிருந்தார்.

2010 மார்ச் 14, ஞாயிறு பின்னேரம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் மகளின் மாடி வீடு. மாமாவுக்கு எண்பது. ரயில் போகும்போது தொலைக்காட்சிச் சத்தம் கேட்காது, அவருக்கு எப்போதுமே அவ்வளவாகக் கேட்காது. பஹ்ரேன் பந்தயம் தொடங்க இருந்தது. எங்கள் எல்லாருடைய கண்ணும் கடைசி ஆளில். புதிய ஹிஸ்பானியா அணியில் சென்னைப் பொடியன் கருண் சந்தோக். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணிக்கு ஓடியபோது மாமா ஒரு பந்தயத்தையும் விடாமல் பார்த்தவர்.

“எல்லாருக்கும் பின்னுக்கு ஏன்?”

“கார் ஆயத்தமில்லை மாமா. ஒத்திகைக்கே வரேல்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியும் இல்லை. நேற்றுத் தகுதிச் சுற்றிலதான் முதல் முதலாக அந்தக் காரை ஓட்டினவன். முதலாவதா வந்தவனை விடப் பத்து வினாடிக்கு மேல பிந்தி.”

“ஒரு சுற்றும் ஓட்டிப் பாக்காமலோ?”

“ஒரு சுற்றும் இல்லை.”

அவர் கன நேரம் திரையைப் பார்த்தார். “அப்ப அவன் எங்கட ஆள்” என்றார்.

மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. விளக்குகள் அணைந்தன, கார்கள் போயின. இரண்டாவது சுற்றிலேயே சந்தோக்கின் கார் பாதையை விட்டு விலகி இடித்து நின்றது. கமரா இரண்டு கணம் அதைக் காட்டிவிட்டு முன்னால் ஓடுபவர்களிடம் திரும்பியது. மாமா கோப்பையைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

“வீட்டை போகுமோ?”