தோம்பு: ஒரு சொல்லின் வரலாறும் நாரந்தனைக் காணியும்

சொற்பிறப்பியல் நம்மிடையே பெரும்பாலும் மொழிப் பெருமைக்குச் சான்று தேடும் முயற்சியாகவே நின்றுவிடுகின்றது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதோடு, அது எவர் கையில் எத்தொழிலைச் செய்தது என்பதும் ஆராயப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவேட்டைக் குறித்து வழங்கிய 'தோம்பு' எனும் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஒலியொப்புமை கொண்டு இதனைக் குற்றம் எனும் பொருளுடைய 'தோம்' என்பதனோடு இணைத்தல் பொருந்தாது. வெட்டுதலைக் குறிக்கும் வினையடியாகக் கிரேக்கத்திற் பிறந்த 'தோமொஸ்', வெட்டிய துண்டையும் ஏட்டுச் சுருளின் பகுதியையும் உணர்த்திற்று. பகுக்கவியலாதது எனும் பொருளில் அணுவைச் சுட்டும் ஐரோப்பியச் சொல்லும் அவ்வடியினதே. இலத்தீன் வழியாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது நூற்றொகுதியாயிற்று. போர்த்துக்கேயத்தில் 'தொம்பு' என அரச பதிவேடாயிற்று. லிஸ்பன் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் 'தொம்புக் கோபுரம்' என்றே பெயர் பெறுகின்றது. அம்மொழியில் வீழ்ச்சி எனும் பொருளில் வழங்கும் அதே வடிவச் சொல்லோ வேறு மூலத்தினது.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் ஆட்சியைப் பறித்த ஒல்லாந்தர், சொல்லை மாற்றவில்லை. அதன் பணியை விரித்தனர். நிலத்தோம்பு காணியையும் பயன்தரு மரங்களையும் பதிந்தது. தலைத்தோம்பு குடும்பத்தையும் சாதியையும் செய்யவேண்டிய ஊழியத்தையும் பதிந்தது. சிங்களத்திலும் இச்சொல் புகுந்தது. அங்கு 'லேகம் மிட்டி' எனும் பழைய பதிவேடுகள் முன்னரே இருந்தமையால், பதியும் வழக்கம் அந்நியர் கொணர்ந்தது அன்று என்பது தெளிவு.

தோம்பு ஏற்றத்தாழ்வைப் படைத்தது எனக் கூறுவதற்கில்லை. நிலமும் ஊழியமும் சாதிவழிப் பகிரப்பட்டிருந்த சமூகத்தை அது எழுத்திலே நிலைநிறுத்தியது. 1707 இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகளுக்கும் விதிகள் உண்டு என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆகவே ஒரே சொல் கும்பனிக்கு வருவாய், காணியுடையவனுக்கு உரிமைச் சான்று, உழுதும் சுமந்தும் வாழ்ந்தவனுக்குக் கடமைப் பட்டியல் என மூவகைப் பொருள் பெற்றது. அகராதி முதலிரண்டையே அறியும்.

ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவில், ஊர்காவற்றுறையை அடுத்துள்ளது நாரந்தனை. யாழ்ப்பாணத்தின் பிற ஊர்களிற் போன்று இங்கும் காணித்துண்டுகளுக்குத் தனிப் பெயருண்டு. அளவு பரப்பிலும் குழியிலும் கூறப்படும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். இவ்விவரங்களைத் தாங்கும் பத்திரத்தை நம்மவர் 'உறுதி' என்பர். 1990 இல் தீவகத்தில் நிகழ்ந்த படைநடவடிக்கைகளால் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். இத்தகைய இடப்பெயர்வில் உறுதியை இழந்தவன் தன் காணியை எவ்வாறு நிறுவுவான்? பதிவேட்டில் மூதாதையின் பெயர் உள்ளவனுக்குத் தேடிச்செல்ல ஒரு வழியுண்டு. தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் உழைத்தும், ஊழியத்துக்கு மட்டுமே பதியப்பெற்றவனின் வழிவந்தோர்க்கு அதுவும் இல்லை.

எனவே தோம்பினை ஆராய்வோர், எழுதப்பட்ட உடைமையோடு, எழுதப்படாது விடப்பட்ட உழைப்பையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் வேண்டும். ஊர்தோறும் முதியோரின் வாய்மொழியையும் காணிப் பெயர்களையும் திரட்டி ஒப்புநோக்குதல் அதற்கான முதற்பணியாகும்.